ஓலையும் பத்திரமும் லண்டனுக்குப் போவதில்லை

இணையத்தில் ஒருவர், "பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியை வாங்கினால் நம் ஓலைச்சுவடி, பழைய பத்திரமெல்லாம் லண்டனுக்குப் போய்விடும்" என்று எழுதியிருக்கிறார். இது தவறு. காலனிக் காலத்தில் அப்படி நிறையவே போயிருக்கிறது, அதனால் பயம் புரிகிறது. ஆனால் 2004-இல் ஆர்க்கேடியா என்ற நன்கொடை அமைப்பின் பணத்தில் தொடங்கிய பிரிட்டிஷ் நூலகத்தின் 'எண்டேஞ்சர்ட் ஆர்க்கைவ்ஸ் புரோகிராம்' (அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைப் படியெடுக்க நிதி தரும் திட்டம்) வைத்திருக்கும் முதல் நிபந்தனையே, மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்பதுதான். மின்படிகளில் ஒன்று உள்ளூர் நிறுவனத்திலும் இன்னொன்று பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கும். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இந்த நிதியில்தான் 1870 முதல் 1940 வரையிலான கிராமப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடிப் படியெடுத்தது. நாலாய் மடித்து டிரங்குப் பெட்டியில் கிடக்கும் முத்திரைத்தாள் மடிப்பிலேயே கிழியும். பூச்சி தின்ற ஓட்டையில் கைநாட்டுக்குப் பக்கத்துப் பெயர் போய்விடும். அதற்குள் படமெடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று: இத்திட்டம் பழைய ஆவணங்களுக்கானது. உங்களிடம் இருப்பது அண்மைக்கால ஒலிநாடா, துண்டறிக்கை என்றால், அதே ஆர்க்கேடியா பணத்தில் கலிஃபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக நூலகம் நடத்தும் தனித்திட்டத்தைப் பாருங்கள். தவறான தகவலை நம்பி யாரும் விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து.