மனம் மாறினால் மணவிலக்கு தானாக ரத்தாகுமா?

"'மௌன ராகம்' படத்தில் வருவதுபோல் ஓராண்டு காத்திருக்கச் சொல்வார்கள், அதற்குள் தம்பதியர் மனம் மாறிச் சேர்ந்து வாழ்ந்தால் மணவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும்" என்னும் செய்தி கோலாலம்பூர்ப் புலனக் குழுக்களில் பகிரப்படுகிறது. இது தவறு.

1986இல் வெளிவந்த அப்படம் காட்டும் ஓராண்டு, இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்துக்கு உரியது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டமே பொருந்தும். அதன்படி, விதிவிலக்கான துன்பம் இருந்தாலன்றி, மணமாகி 2 ஆண்டுகள் ஆகுமுன் மனுச் செய்யவே இயலாது.

பலர் இடறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். நீதிமன்றம் முதலில் தருவது 'டிக்ரி நைசை' எனும் இடைக்கால ஆணை. பொதுவாக 3 மாதங்களுக்குப் பிறகே அது இறுதியாகும். அந்த இடைவெளியில் சமாதானமானவர்கள் (அது மகிழ்ச்சிக்குரியதே) இருவரும் சேர்ந்து விண்ணப்பித்து ஆணையை நீக்கிக்கொள்ள வேண்டும். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுவது மட்டும் போதாது. ஆணை இறுதியான பின் சேர்ந்தால், பிரிக்பீல்ட்ஸ் கோயிலொன்றில் மீண்டும் தாலி கட்டினாலும், புதிய திருமணமாகப் பதிவு செய்தால்தான் சட்டம் அவர்களைக் கணவன் மனைவியாக ஏற்கும். பதிவின்றி வாழ்ந்து ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், மற்றவர் வாழ்க்கைத் துணை என்ற முறையில் சொத்தில் பங்கு கோர முடியாமல் போகும் என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறோம்.