பழைய ஸ்டான்லி இழைப்புளி – அந்த தேதி செஞ்ச வருஷம் இல்லைங்க

பழைய ஸ்டான்லி (அமெரிக்க கம்பெனி) இழைப்புளி ஒண்ணப் பத்தி ஒருத்தர் "அடிக்கட்டைல ஏப்ரல் 19, 10ன்னு வார்த்திருக்கு, அதனால 1910ல செஞ்சது, எவ்ளோ சொன்னாலும் வாங்கிடுங்க"ன்னு போட்டிருக்கார், அது தப்புங்க. அது பேட்டன்ட் கொடுத்த தேதி, 1930 வாக்குல வந்த பீஸ்லயும் அதே தேதி இருக்கும். மூணு பேட்டன்ட் தேதி இருந்தா பெரும்பாலும் 1910-18, 1910 தேதி மட்டும் தனியா இருந்தா அதுக்கு அப்புறம் வந்தது. லீவர் கேப் (பிளேட அழுத்திப் பிடிக்கற மேல் மூடி) ஓட்டை சாவித்துவாரம் மாதிரி இல்லாம கிட்னி வடிவத்துல இருந்தா அந்த கேப் 1933க்கு அப்புறம், ஆனா கேப்பு பிளேடு எல்லாம் மாத்தி மாட்டியிருப்பாங்க, அத மட்டும் நம்பாதீங்க. அதோட நம்பர் 4, 5 (ஸ்டான்லியோட சைஸ் நம்பர்) எல்லாம் லட்சக்கணக்குல வந்தது, அபூர்வம்லாம் இல்ல, வருஷத்துக்காக காசு கொட்டாதீங்க. வாய் (பிளேடு வெளிய வர்ற அடி ஓட்டை) ஓரத்துல விரிசல் இருக்கா, ஃப்ராக் (பிளேட தாங்கற சாய்வான துண்டு) உட்கார்ற இடம் உடையாம இருக்கா, பிளேடுல தீட்டி இழைக்க இன்னும் நீளம் மிச்சமிருக்கான்னு பாருங்க.

அப்புறம் துரு போக ஒரு வாரம் வினிகர்ல ஊறப்போடுங்கன்னு அவர் சொன்னதும் வேணாம், வார்ப்பிரும்பையே அரிச்சிடும். மேலாக்க துருவுக்கு கொஞ்சம் எண்ணெயும் உப்புத்தாளும் போதும். அடிப்பக்கத்த தேய்ச்சு மட்டமாக்கும்போது முன்னாடி, வாய் ஓரம், பின்னாடி மூணும் ஒரே மட்டத்துல வந்தாச்சுன்னா நிறுத்திடுங்க, நடுவுல லேசா பள்ளம் இருந்தா ஒண்ணும் ஆகாது.