தாங்கிக்குக் குளோரின் போடத்தான் வேண்டும்

அவிசாவளைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் சின்னம்மா குடும்பம் இருக்கிறது. அங்கே 60, 70 குடும்பங்களுக்கு ஒரே குழாய்க் கிணறுதான். மோட்டார் போட்டு மேட்டில் இருக்கும் தாங்கிக்குத் தண்ணி ஏற்றி, அங்கிருந்து லயன்கள் என்னும் வரிசை வீடுகளுக்கும் புதிதாகக் கட்டிய தனி வீடுகளுக்கும் பைப் இழுத்திருக்கிறார்கள். மாதா மாதம் வீட்டுக்கு வீடு காசு சேர்த்து கரண்ட் பில் கட்டுவது தண்ணிச் சங்கம். விடியற்காலையில் குடத்தோடு பீலியடியில் வரிசையில் நின்ற பெண்களுக்கு இந்தப் பைப் எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் சங்கத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டு, தாங்கிக்குக் குளோரின் போடச் சொல்லியிருக்கிறார். அன்றையிலிருந்து தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே வாக்குவாதம். நல்ல ஊற்றுத் தண்ணியில் எதற்கு மருந்தைக் கொட்ட வேண்டும், எங்கள் தாத்தா பாட்டி குடிக்காததா, கொழும்புத் தண்ணி மாதிரி நாறப்போகிறது என்று ஆளுக்கு ஆள் எழுதுகிறார்கள். கொழும்பிலிருந்து அந்தக் குழுவில் இருக்கும் நம்மாட்கள் சிலரும் அதற்குக் கைதட்டுகிறார்கள். நாம் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் திறந்து குடிப்பது களனி ஆற்றில் அம்பத்தளையில் எடுத்து, வடிகட்டி, குளோரின் போட்டு, சோதித்து அனுப்பும் தண்ணீர். அதை நிம்மதியாகக் குடித்துக்கொண்டு, தோட்டத்தில் இருப்பவர்களிடம் மட்டும் "உங்களுக்கு அது வேண்டாம், இயற்கைத் தண்ணியே போதும்" என்று சொல்வது நியாயமில்லை.

கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் கிருமி இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை. கனடாவில் நமக்கெல்லாம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிறையப் பேர் வாழும் அதே ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிறிய ஊர், சனத்தொகை 5,000க்கும் குறைவு, தண்ணீர் முழுக்கக் கிணற்றுத் தண்ணீர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெரிய மழை பெய்தது. பக்கத்துப் பண்ணையில் போட்டிருந்த மாட்டுச் சாணத்திலிருந்து ஈ.கோலை என்ற குடல் கிருமி ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. 7 பேர் இறந்தார்கள். 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். அதாவது கிட்டத்தட்ட ஊரில் பாதி.

பிறகு நடந்த விசாரணையில் வெளிவந்த விஷயம்தான் என் மனதை விட்டுப் போகவில்லை. அந்த ஊர்ச் சனங்களும் குளோரின் ருசி பிடிக்கவில்லை என்று முறைப்பட்டிருக்கிறார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்ட ஆட்களும் கிணற்றுத் தண்ணீர் நல்லதுதானே என்று நம்பி, குளோரினைக் குறைத்துப் போட்டார்கள். அளந்து பார்க்காமலேயே அளந்ததாகப் பதிவுப் புத்தகத்தில் எண்களை எழுதிவைத்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, தண்ணீர் மேல் வைத்த நம்பிக்கையில். நம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் இருப்பதும் அதே நம்பிக்கைதான்.

நியூசிலாந்தில் ஹேவ்லொக் நோர்த் என்ற ஊரிலும் இதுவே நடந்தது, 2016 ஆகஸ்டில். நிலத்தடி நீர் பாதுகாப்பானது என்று எந்தச் சுத்திகரிப்பும் செய்யாமல் கொடுத்துவந்தார்கள். அங்கேயும் பெருமழை, ஆட்டுப் புழுக்கை கலந்த வெள்ளம். 14,000 பேர் உள்ள ஊரில் சுமார் 5,500 பேருக்கு வயிற்றோட்டம். பணக்கார நாடு, நல்ல ஆஸ்பத்திரி, நல்ல ஆய்வுகூடம் எல்லாம் இருந்த இடம் அது.

இனி நம் பக்கத்து நிலத்தைப் பாருங்கள். அவிசாவளையில் மழைக்குக் குறைவில்லை. தண்ணி உள்ளே இறங்கும் கபுக் கல் தரை. மேட்டில் லயன், லயனுக்குப் பின்னால் மலசலகூடக் குழி, பள்ளத்தில் கிணறு, பக்கத்திலேயே மாட்டுப் பட்டி. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்று சொல்வார்கள். லயத்தில் 50 அடிக்கு எங்கே போவது? வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. குழாய்க் கிணறு ஆழமாக இருந்தாலும், மேலே போட்டிருக்கும் கொங்கிரீட் வெடித்திருந்தால் மழைத் தண்ணி குழாயின் வெளிப்பக்கமாக ஒழுகிக் கீழே போய்ச் சேரும். கிணறு சுத்தமாகவே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாங்கியின் மூடி உடைந்து காக்கா உட்கார்ந்தால்? கரண்ட் இல்லாமல் பைப் வெறுமையாகிக் கிடக்கும்போது, வெடிப்பு வழியாகக் கானில் ஓடும் தண்ணி உள்ளே இழுபட்டால்? குளோரின் கொஞ்சம் மிச்சமிருந்தால் அதையும் ஓரளவு சமாளிக்கும். தாங்கியிலிருந்து கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் தண்ணீரோடு கூடவே போகிற காவல் அது ஒன்றுதான்.

"போன தடவை குளோரின் போட்டதும் தண்ணி சிவந்துபோச்சு, அது கெட்ட மருந்து" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை, தண்ணீர் சிவந்தது உண்மைதான். ஆனால் காரணம் வேறு. நம் ஈரவலயத்து நிலத்தடி நீரில் இரும்பு இருக்கும், கொஞ்சம் அமிலத்தன்மையும் இருக்கும். கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. காற்றோ குளோரினோ பட்டவுடன் துருவாக மாறி நிறம் காட்டும். குளோரின் அதைக் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே இருந்ததை வெளியே காட்டியது. வெள்ளைச் சட்டை மஞ்சளாவதும் கேத்தலின் அடியில் செம்மண் நிறத்தில் படிவதும் அதே இரும்பால்தான். முதலில் தண்ணீரைப் படிப்படியாகக் கொட்டவிட்டுக் காற்றுப் படச் செய்து, மணல் வடியில் விட்டு, அதற்குப் பிறகு குளோரின் போட வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் நேரே தாங்கியில் தூளைக் கொட்டினால் சனம் வெறுக்கத்தான் செய்யும். இந்த இடத்தில் சங்கத்துக்கு ஒழுங்காக யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பது என் ஆதங்கம். அமிலத்தன்மை கொஞ்சம் இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு, அப்படிப்பட்ட தண்ணீரில் குளோரின் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

எவ்வளவு போடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. கைப்பிடிக் கணக்கு உதவாது. போட்டு அரை மணித்தியாலம் விட்ட பிறகு, குழாயடியில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்துக்காக வைத்திருக்கும் மேல் எல்லை 5 மில்லிகிராம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று பாருங்கள். மிச்சக் குளோரினை அளக்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு சிறிய குப்பியில் தண்ணீரை எடுத்து மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பாகும், நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யலாம். மணம் பிடிக்காவிட்டால் குடத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் போய்விடும். அப்புறம் இன்னொன்று, குளோரின் தூள் வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழந்துவிடும். மோட்டார் அறையில் வாய் திறந்து கிடக்கும் பழைய பையிலிருந்து அள்ளிப் போட்டால், போட்டதற்கும் போடாததற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

குளோரின் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது கிருமிக்கு மட்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில், தோட்டத்துக்குப் போட்ட உரமும் மலசலகூடக் குழியும் சேர்ந்து கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டிவிட்டன. குளோரின் அதை ஒன்றும் செய்யாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி நைத்திரேற்று இன்னும் செறிவாகும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு இரத்தத்தில் ஒட்சிசன் ஏறாமல் உடம்பே நீலமாகிவிடும் அபாயம் இருக்கிறது. சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது இரசாயனச் சோதனையும் வேண்டும். ரப்பர் தோட்டத்துக்கும் உரம் போடுகிறார்கள்தானே.

சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் விதத்திலும் ஒரு குறை இருக்கிறது. நல்ல வெயில் நாளில், மோட்டார் அறைக்குப் பக்கத்துக் குழாயில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த அறிக்கை நன்றாகத்தான் வரும். பெருமழை பெய்த மறுநாள், பைப்பின் கடைசி வீட்டில் பிடிக்க வேண்டும். அங்கே 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றுகூட இல்லை என்று வந்தால்தான் எனக்கு நம்பிக்கை. போத்தல் கிருமிநீக்கம் செய்ததாக இருக்க வேண்டும், குளிரில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சோடாப் போத்தலைக் கழுவிப் பிடித்துக் கொடுத்தால் போத்தலில் இருந்த கிருமியைத்தான் சோதிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திக் கேட்பது, அந்த அறிக்கைகளைச் சங்கத்தின் பைலுக்குள் வைக்காமல் கடைச் சந்தியில் ஒரு பலகையில் ஒட்ட வேண்டும். இன்றைய மிச்சக் குளோரின் எவ்வளவு, கடைசியாக எப்போது சோதித்தது, என்ன வந்தது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். மோசமாக வந்தாலும் எழுத வேண்டும், "கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்ற வரியோடு. 2013 ஆகஸ்ட் 1ஆம் தேதி கம்பஹா மாவட்டத்தில் வெலிவேரிய, ரத்துபஸ்வலவில் சனங்கள் வீதிக்கு இறங்கியது சுத்தமான தண்ணீர் கேட்டுத்தான். இராணுவம் சுட்டதில் மூன்று பேர் செத்துப்போனார்கள். தன் கிணற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சனம் அவ்வளவு தூரம் போக வேண்டி வந்தது. அறிக்கையைச் சுவரில் ஒட்ட ஒரு டேப்புத் துண்டு போதும்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. லபுகம, கலட்டுவாவை நீர்த்தேக்கங்கள் இந்தப் பக்கத்து மலைகளில்தான் இருக்கின்றன. லபுகம 1880களிலேயே கொழும்புக்குத் தண்ணீர் கொடுக்கக் கட்டினது. அந்தத் தண்ணீர் கொழும்புக்குப் போய் நூறு வருடத்துக்கு மேலாகியும் சின்னம்மா வீட்டுப் பக்கம் ஒரு குழாய்கூட வரவில்லை. சனங்களே கிணறு தோண்டிக்கொண்டார்கள். குறைந்தபட்சம் அந்தக் கிணற்றைச் சோதிக்கிற செலவையாவது அரசு ஏற்க வேண்டும். 60, 70 குடும்பம் சேர்க்கும் சந்தாக் காசில் மோட்டார் திருத்துவதா, ஆய்வுகூடத்துக்குக் கட்டுவதா என்று சங்கத்தைத் தேர்ந்தெடுக்க வைப்பது பெரிய அநியாயம்.

அவிசாவளை, ஹங்வெல்ல, பாதுக்க பக்கம் இப்படிச் சொந்தமாகத் தண்ணித் திட்டம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இரும்புக்கு மணல் வடி கட்டினீர்களா, எவ்வளவு செலவானது, எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவுகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். சங்கக் கூட்டம் அடுத்த மாதம். அக்காமாருக்கு முன்னால் வைத்துப் பேசக் கணக்கு வேண்டும்.