ஒரு மணி நேர நடையில் எத்தனை கிராம் கொழுப்பு கரைகிறது?

டிரெட்மில்லை விட்டு இறங்கியதும் திரையில் தெரியும் கலோரி எண்ணை அப்படியே கரைந்த கொழுப்பாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த நேரம் முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் ஆற்றல் பெரும்பாலும் அந்த எண்ணிலேயே சேர்ந்திருக்கிறது என்பதைப் பலரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம்.

கணக்கு கடினமானதன்று. உடலுழைப்பின் தீவிரத்தை ‘மெட்’ என்னும் அலகால் அளக்கிறார்கள். ஓய்வில் ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி (திரையில் ‘கலோரி’ என்று தெரிவது இதுவே) செலவாவதே 1 மெட். மணிக்கு 5 கி.மீ. வேக நடை சுமார் 3.5 மெட், 8 கி.மீ. வேக ஓட்டம் சுமார் 8 மெட். ஆகவே 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் நடந்தால் 245 கிலோகலோரி செலவாகும். ஓய்வுக்குரிய 70ஐக் கழித்தால் மிஞ்சுவது 175. உடலில் சேர்ந்துள்ள ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7,700 கிலோகலோரிக்குச் சமம் என்பதால், அந்த நடைக்கு ஈடான கொழுப்பு 23 கிராம்தான். ஓட்டத்துக்கு அது 64 கிராம் வரை வரும். பயிற்சி முடிந்தவுடன் எடை ஒரு கிலோ குறைந்திருந்தால், அதில் பெரும்பகுதி வியர்வையாக வெளியேறிய நீரே.

மெதுவாக நடந்தால்தான் கொழுப்பு அதிகம் எரியும் என்ற பேச்சும் பாதி உண்மையே. குறைந்த தீவிரத்தில் எரிபொருளில் கொழுப்பின் பங்கு கூடுகிறது. ஆனால் மொத்தச் செலவு சிறியதாகிவிடுகிறது. மேலும், பயிற்சியின்போது மாவுச்சத்தை எரித்த உடல் பிறகு கொழுப்பை அதிகம் எரித்து ஈடுசெய்வதால், அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் பிரித்துப் பார்ப்பது பொருந்தாது. உண்டதையும் செலவழித்ததையும் நாள்கணக்கில், வாரக்கணக்கில் பார்க்க வேண்டும்.

கைக்கடிகாரக் கருவிகளையும் இந்த விஷயத்தில் நான் நம்புவதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு கருவிகளுள் மிகத் துல்லியமானதுகூட ஆற்றல் செலவைக் கணிப்பதில் சராசரியாக 27 விழுக்காடு பிழை காட்டியது. மிக மோசமானதன் பிழை 93 விழுக்காடு. இதயத் துடிப்பை அவற்றுள் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன.

இந்த அளவுகோலால் பெரிதும் குறைத்து மதிப்பிடப்படுவது எடைப் பயிற்சி. கலோரிக் கணக்கில் அது ஓட்டத்துக்குப் பின்னால்தான் நிற்கும். ஆயினும், உணவைக் குறைக்கும் காலத்தில் தசை கரையாமல் காத்து, இழக்கும் எடையில் கொழுப்பின் பங்கைக் கூட்டுவது அதுவே. எந்தத் திரையிலும் அந்தப் பயன் எண்ணாகத் தெரிவதில்லை.