ஜூலையில அந்தமானுக்கு டிக்கெட் போடறவங்க கொஞ்சம் நில்லுங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரியில காட்டேஜ் வச்சிருக்கவங்க, டாக்சி ஓட்டுறவங்க, வர்க்கிக் கடை, சாக்லேட் கடைக்காரங்க எல்லாருக்கும் கையில காசும் நேரமும் ஒண்ணா சேர்றது ஜூன் பாதியில இருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான். மே சீசன் ஓஞ்சிருக்கும், ரெண்டாவது சீசனுக்கு செப்டம்பர் ஆகணும். அந்த இடைவெளியில சிநேகிதங்க ஏழெட்டுப் பேர் சேர்ந்தா உடனே வர்ற பேச்சு, "அந்தமான் போய் ஸ்நார்கெலிங் பண்ணலாம்டா, பேக்கேஜ் ரொம்ப மலிவா இருக்கு." (கண்ணையும் மூக்கையும் மூடுற மாஸ்க் போட்டு, வாயில குழாயைக் கடிச்சுட்டு, மேல்தண்ணியில முகம் கவிழ்ந்து மிதந்தே கடலுக்குள்ள பார்க்கறதுதான் ஸ்நார்கெலிங்.)

மலிவா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. அவலாஞ்சியை நனைக்கிற அதே தென்மேற்குப் பருவமழைதான் அந்த மாசங்கள்ல அந்தமானையும் அடிக்குது. கடல் கொந்தளிப்பா இருக்கும். ஹேவ்லாக்னு நாம இன்னும் சொல்ற ஸ்வராஜ் தீவுக்குப் போற படகு ரத்தாகி ஒரு நாள் ஹோட்டல் ரூம்லயே போகலாம். படகு போனாலும் அலை மண்ணைக் கிளப்பிவிட்டுத் தண்ணி கலங்கியிருக்கும். ஸ்நார்கெலிங்ல பார்வைதான் எல்லாமே. தண்ணிக்குள்ள மூணு மீட்டர் தாண்டித் தெரியலைன்னா உப்புத்தண்ணி குடிச்சுட்டு வர்றதுதான் மிச்சம். டிசம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள கடையைப் பூட்டிட்டுப் போக முடிஞ்சவங்க தாராளமா அந்தமான் போங்க, அதுக்கு ஈடு இல்லை. லட்சத்தீவுக்கும் இதே கணக்குதான், கூடவே அனுமதிச் சீட்டு வேலையும் இருக்கு.

ஜூலைதான் முடியும்னா திருகோணமலை போங்க. ஏன்னு மலைக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். ஜூலையில கூடலூர், பந்தலூர்ல விடாம கொட்டும், அதே நாள் கோத்தகிரியில குடையை விரிக்கவே வேண்டியிருக்காது. கோத்தகிரிக்கு மழைன்னா அது ஐப்பசி, கார்த்திகையில. இலங்கையும் அப்படித்தான். நடுவுல மலை, மேற்கே கொழும்பு, காலி நகரங்கள் நம்ம கூடலூர் மாதிரி, கிழக்கே திருகோணமலை நம்ம கோத்தகிரி மாதிரி. மே முதல் செப்டம்பர் வரைக்கும் கிழக்குக் கரையில கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். அக்டோபருக்கு மேல வடகிழக்கு மழை வந்து எல்லாம் தலைகீழ். ஜூலையில அங்க தரைப்பக்கம் இருந்து வீசுற உலர்ந்த காத்துக்குக் கச்சான்னு பேரு. (வேர்க்கடலைக்கும் அங்க கச்சான்னுதான் பேரு, கடையில கேட்டுக் குழம்பாதீங்க.) தமிழ்லயே பேசிப் படகு பிடிக்கலாம், பேரம் பேசலாம், இது சின்ன வசதி இல்லை.

கோயம்புத்தூர்ல இருந்து சென்னை போய் கொழும்பு. கொடைக்கானல்காரங்களுக்கு மதுரையே பக்கம், அங்கிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கு. கொழும்புல இருந்து ரோடு வழியா சுமார் 260 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் வச்சுக்கோங்க. தங்குறதுக்கு உப்புவெளி, நிலாவெளி. நிலாவெளிக் கரையில இருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கறதுதான் புறாத்தீவு, 2003ல தேசியப் பூங்கா ஆன இடம். படகு பத்துப் பதினஞ்சு நிமிஷம். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு, படகு வாடகை படகுக்கு. அதனால நாலு பேரா, எட்டு பேரான்னு படகுக் கொள்ளளவைக் கேட்டுட்டுக் குழுவைப் பிரிங்க. ஆகஸ்ட் விடுமுறையில, சனி ஞாயிறுல கூட்டம் தாங்காது, செவ்வாய், புதன்ல போங்க. பூங்கா திறக்கிற நேரத்துக்கே முதல் படகுல போயிடணும். மதியத்துக்கு மேல கடல்காத்து எழும்பி மேல்தண்ணி சின்னச் சின்ன அலையா ஆயிடும், ஸ்நார்கெல் குழாய்க்குள்ள அலை தெறிக்கும்.

சரி, போறதுக்கு முன்னாடி வேலை. இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. ரிசார்ட்டுக்கு ஆயிரம் ஆயிரமா கொடுப்பாங்க, மாஸ்க்கை மட்டும் கரையில வாடகைக்கு எடுப்பாங்க. ஊர் பேர் தெரியாதவங்க கடிச்ச குழாய், ஓரம் விறைச்சுப்போன பிளாஸ்டிக். அது ஒழுகும். ஒழுகினா பயம், பயந்தா மூச்சு வாங்கும், பத்து நிமிஷத்துல "எனக்கு ஒத்துக்கலை"ன்னு கரையேறிடுவாங்க. தப்பு ஆள் மேல இல்லை, மாஸ்க் மேல.

வாங்கும்போது கண்ணாடி டெம்பர்டு கிளாஸா, ஓரம் சிலிக்கானான்னு பாருங்க. வாரைத் தலையில மாட்டாம, மாஸ்க்கை முகத்துல சும்மா ஒட்டவச்சு மூக்கால லேசா உறிஞ்சுங்க. கையை எடுத்தாலும் விழாம நின்னா அது உங்க முகத்துக்கு. விழுந்தா எவ்வளவு விலையா இருந்தாலும் வேண்டாம். மீசை வச்சவங்களுக்கு ஒரு கெட்ட செய்தி: மூக்குக்குக் கீழ சிலிக்கான் உட்கார்ற இடத்துல முடி இருந்தா தண்ணி கசியும். மீசையை எடுக்க மனசு வராதுன்னா மேல்விளிம்பை மட்டும் மூணு நாலு மில்லிமீட்டர் வழிச்சுடுங்க. வாரை இறுக்கினா சரியாகும்னு நினைக்காதீங்க, இறுக்க இறுக்க ஓரம் மடங்கி இன்னும் ஒழுகும்.

புது மாஸ்க் கண்ணாடியில தயாரிப்பு நேரத்துல படிஞ்ச ஒரு மெல்லிய படலம் இருக்கும். ஜெல் இல்லாத வெள்ளை டூத்பேஸ்ட் போட்டு உள்பக்கம் விரலால தேய்ச்சுக் கழுவுங்க, மூணு நாலு தடவை. இல்லைன்னா ஜூலை மாசம் ஊட்டி பஸ் கண்ணாடி மாதிரி மூடிக்கும். காரணமும் அதேதான், உள்ளே முகத்தோட சூடான ஈரம், வெளியே குளிர்ச்சி. தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி உள்பக்கம் எச்சில் துப்பித் தேய்ச்சு ஒரே அலசல். கூச்சமா இருந்தா குழந்தை ஷாம்பூ ஒரு சொட்டு. கண்ணாடி போடறவங்களுக்குப் பவர் லென்ஸ் வச்ச மாஸ்க் கிடைக்குது. சாதாரண மூக்குக்கண்ணாடி உள்ளே போட முடியாது, காது வழியா போற கம்பி ஓரத்தைத் தூக்கிடும். முகம் முழுக்க மூடுற மாஸ்க் பார்க்க வசதியாத்தான் தெரியும். ஆனா தண்ணி உள்ளே வந்தா வாயில இருந்து துப்பிவிட வழியில்லை, மூக்கைப் பிடிச்சு ஊதிக் காது அடைப்பை எடுக்கவும் முடியாது. வேண்டாம்ங்கறதுதான் என் கட்சி.

அடுத்தது மூச்சுப் பழக்கம், வீட்லயே. துணி துவைக்கிற அகலமான பிளாஸ்டிக் டப் போதும். கை விட்டா சூடும் தெரியாம குளிரும் தெரியாத பதத்துல வெந்நீர் கலந்து நிரப்புங்க. நம்ம ஊர் பச்சைத் தண்ணியில முகத்தை வச்சா மூச்சு தானா திணறும், அது பயிற்சிக்கு ஆகாது. முதல் ரெண்டு நாள் மாஸ்க் போடாம, குழாயை மட்டும் கடிச்சுட்டு முகத்தைத் தண்ணிக்குள்ள வைங்க. மூக்கு திறந்தே இருக்கும், வாயால மட்டும் இழுக்கணும். முதல்ல அரை நிமிஷம்கூட ஓடாது. அஞ்சு நிமிஷம் வர்ற வரைக்கும் விடாதீங்க. நாலு எண்ணி இழுங்க, ஆறு எண்ணி விடுங்க. குட்டிக் குட்டியா வேகமா இழுத்தா குழாய்ல நின்ன பழைய காத்துதான் திரும்பத் திரும்ப உள்ளே போகும். மூச்சு முட்டுற மாதிரி தோணறது அதனாலதான். மூணாம் நாள் மாஸ்க் போட்டு, ஓரத்தைத் தூக்கிக் கால்வாசி தண்ணி விடுங்க. மாஸ்க்கோட மேல்விளிம்பை ரெண்டு விரலால நெத்தியில அழுத்தி, தலையை லேசா நிமிர்த்தி, மூக்கால ஊதுங்க. தண்ணி கீழ்வழியா வெளியேறிடும். அஞ்சாம் நாள் சிநேகிதர் ஒருத்தர் கையில டம்ளரைக் கொடுத்து, நீங்க முகம் கவிழ்ந்திருக்கும்போது சொல்லாம குழாய் வாய்ல தண்ணியை ஊத்தச் சொல்லுங்க. எழுந்திருக்காம, "தூ"ன்னு ஒரே ஊதல்ல அதை வெளியேத்தணும். இதை பத்துக்குப் பத்து தடவை செய்யறவருக்குக் கடல்ல பதட்டம் வராது.

நீச்சல் தெரியாதவங்களும் போகலாமா? லைஃப் ஜாக்கெட்டோட, மணல்ல கால் ஊனுற ஆழத்துல, போகலாம். ஜாக்கெட்டுக்குக் கவட்டு வார் இருந்தா கட்டாயம் மாட்டுங்க, இல்லைன்னா அது கழுத்துக்கு ஏறி முகத்தை இடிக்கும். ஆனா மேட்டுப்பாளையத்துலயோ கோயம்புத்தூர்லயோ ஒரு நீச்சல் குளத்துல ரெண்டு வாரம் கத்துக்கிட்டு 50 மீட்டர் நீந்தப் பழகிட்டா அனுபவமே வேற. இங்க பைக்காரா, காமராஜ் சாகர், அருவின்னு எங்கயும் இறங்கிப் பழகாதீங்க. குளிர், சேறு, திடீர்ப் பள்ளம் எல்லாம் ஒண்ணா இருக்கிற தண்ணி அது.

புறாத்தீவுல கருந்துடுப்புச் சுறா சுத்தும். ஒண்ணரை மீட்டர் நீளம், மனுஷனைக் கண்டா ஒதுங்கிப் போற ஜாதி. துரத்தாதீங்க, அவ்வளவுதான். கவலைப்பட வேண்டியது பவளத்தைப் பத்தி. இலங்கையைச் சுத்திக் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, அதனால ஆழமில்லாத பாறை எந்நேரமும் ஆழமில்லாமத்தான் இருக்கும். அலை தூக்கி நெஞ்சை உரசவச்சா சிராய்ப்பு உங்களுக்கு, சாவு பவளத்துக்கு. மணல் வழியா இறங்கி, படுத்த வாக்குல மிதங்க. களைப்பா இருந்தா மல்லாந்துக்கோங்க, காலை மட்டும் ஊனாதீங்க. வெயிலுக்கு முழுக்கைச் சட்டையே சன்ஸ்கிரீனைவிட மேல். தோலும் தப்பிக்கும், பவளத்துக்கும் ரசாயனம் சேராது. முழங்கால் பின்பக்கம்தான் முதல்ல வேகும், குளிர்ச்சியில தெரியவே தெரியாது.

எட்டுப் பேர்னா நாலு ஜோடி. ஏழுன்னா ரெண்டு ஜோடியும் ஒரு மூணும். வேகமானவரை மெதுவானவரோட கோக்காதீங்க, அவர் முன்னாடி போயிடுவார். ஒரே வேகக்காரங்களைச் சேருங்க. தண்ணியில மூழ்கி உயிருக்குப் போராடுறவர் சினிமால வர்ற மாதிரி கத்த மாட்டார். உடம்பு செங்குத்தா நிற்கும், கால் அசையாது, தலை பின்னால சாயும். அப்படி ஒருத்தரைப் பார்த்தா கேள்வி கேட்காம மிதவையை நீட்டுங்க. தண்ணிக்கு முன்னாடி "தண்ணி" கூடாது, முந்தின ராத்திரியும் அளவோட. கேமரா வச்சிருக்கவர் திரையைப் பார்த்துட்டே நீரோட்டத்துல போயிடுவார், அவரோட ஜோடி அவரை விடாம பார்க்கணும்.

மூச்சைப் பிடிச்சுக் கீழே போறவங்களுக்குக் காது விஷயம். ஊட்டியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காதுல ஏறுற மொத்த அழுத்தமும் கடல்ல வெறும் 2 மீட்டர்ல வந்துடும். மலைப்பாதையில பர்லியார் பக்கம் எச்சில் விழுங்கிச் சமாளிக்க உங்களுக்கு நேரம் இருக்கு, இங்க ரெண்டே விநாடி. மூக்கைப் பிடிச்சு மெல்ல ஊதிக் காதைத் திறந்துட்டே இறங்குங்க. வலிச்சா மேலே வந்துடுங்க. சளி இருந்தா அன்னைக்குக் கீழே போகவே வேண்டாம்.

ஆசைப்பட்டு ஸ்கூபாவும் (காத்து சிலிண்டர் மாட்டி ஆழத்துக்கு டைவ் அடிக்கிறது) பண்றவங்க, கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவுல 18 மணி நேரம் விடுங்க. இது பலருக்குத் தெரியும். விமானத்துக்குச் சொல்றதே மலைக்கும் பொருந்தும்ங்கறது தெரியாது. புதுச்சேரியில டைவ் அடிச்சுட்டு அன்னைக்கு ராத்திரியே கொடைக்கானலுக்கு வண்டி ஏறினா, அது விமானம் ஏறின மாதிரிதான். விமானத்துக்குள்ள இருக்கிற காத்தழுத்தமும் ஊட்டி, கொடைக்கானல் காத்தழுத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஸ்நார்கெலிங் மட்டும் பண்ணவங்களுக்கு இந்தக் கணக்கு இல்லை.

திரும்பி வந்ததும் மாஸ்க்கை நல்ல தண்ணியில ஊறவச்சு அலசுங்க. ஆகஸ்ட்ல நம்ம ஊர்ல எதுவும் காயாது. ஈரத்தோட டப்பாவுல போட்டு மூடிட்டா சிலிக்கான்ல கறுப்புப் பூஞ்சை பூக்கும், அது தேய்ச்சாலும் போகாது. ரெண்டு நாள் ஃபேன் காத்துல தொங்கவிடுங்க. அடுப்புப் பக்கம் வேண்டாம், வார் வெடிச்சுடும்.