உங்கள் வேலை இனி அதுவல்ல, மேலாளரே

நான்கு நாட்கள் உட்கார்ந்து தயாரித்த அறிக்கை அது. எண்களை மூன்று முறை சரிபார்த்து, மாலை 6 மணிக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பினேன். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த என் மேலாளர் இரவு 11.30 மணிக்கு அதைத் திறந்து, இரண்டு அட்டவணைகளை மாற்றி, முன்னுரையைத் தம் போக்கில் திருத்தி எழுதி, என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலைக் கூட்டத்தில் நான்காம் பக்கத்திலிருந்த ஓர் எண்ணுக்கு வாடிக்கையாளர் விளக்கம் கேட்டபோது, என் பெயரைத் தாங்கிய அறிக்கையில் அதுவரை நான் கண்ணால்கூடப் பார்த்திராத அந்த எண்ணின் முன் வாயடைத்து நின்றேன். மேலாளர் குனிந்த தலை நிமிரவில்லை.

ஒருவருடைய குணக்கேடு என்றால் பொறுத்துப் போயிருப்பேன். எனக்கு வாய்த்த மூன்று புதிய மேலாளர்களும் இதையேதான் செய்தார்கள். நன்றாக வேலை பார்த்தவருக்குப் பதவி உயர்வு தருகிறார்கள். ஆட்களை வழிநடத்தத் தெரியுமா என்று எவரும் கேட்பதில்லை, கற்றுக்கொடுப்பதும் இல்லை. அவரும் தமக்குக் கைவந்த வேலையை விட மனமின்றி, அதை எங்கள் கையிலிருந்து பிடுங்கித் தாமே செய்கிறார். இதனால் நேரம் மிச்சமாகிறது என்று அவர் நம்புவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எங்கே தவறினேன் என்று அரை மணி நேரம் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், அடுத்த அறிக்கையை நானே ஒழுங்காக முடித்திருப்பேன். சொல்லவில்லை, அதே தவறு மறுபடியும் வந்தது, அதையும் அவரே இரவு கண்விழித்துத் திருத்தினார். மூன்றாவது மாதத்தில் எங்கள் டீமில் ஒருவரும் எதையும் இரண்டாம் முறை சரிபார்க்கவில்லை. எப்படியும் மாற்றத்தானே போகிறார் என்ற சலிப்பு எல்லோரையும் பிடித்துக்கொண்டது.

நல்ல மேலாளரிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று கூகுள் நிறுவனம் 2008-இல் தன் ஊழியர்களிடையே ஓர் ஆய்வைத் தொடங்கி, எட்டுப் பண்புகளை வரிசைப்படுத்தியது. நல்ல பயிற்சியாளராக இருப்பது முதலிடத்திலும், சின்னச் சின்ன விஷயங்களில் மூக்கை நுழைக்காமல் பொறுப்பை ஒப்படைப்பது இரண்டாம் இடத்திலும் வந்தன. தொழில்நுட்பத் திறன் எட்டாவது, அதாவது கடைசி. பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே நிலைமை இதுவென்றால், தம் கைத்திறனை மட்டும் நம்பி ஒரு டீமை இழுத்துச் செல்லப் பார்ப்பவரை என்னவென்று சொல்வது?

மேலிடம் கேட்கும் டெட்லைனுக்கெல்லாம் எங்களைக் கேட்காமலே தலையாட்டுவதும், நேற்றுவரை உடன் வேலை பார்த்த நண்பரைக் கண்டிக்கத் தயங்கி அவருடைய சுமையை எங்கள் தலையில் கட்டுவதும் தனிக்கதை. ஆனால் அப்ரைசலில் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. எட்டு மாதங்களுக்கு முன் நான் செய்த ஒரு பிழையை அன்றுதான் அவர் எடுத்து மேசைமேல் வைத்தார். நடந்த வாரமே தனியே அழைத்துச் சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பேனே! முகத்துக்கு நேரே சொல்லும் சங்கடத்தைத் தாம் தவிர்த்துக்கொண்டு, அதற்கான விலையை என் ஊதிய உயர்விலிருந்து எடுத்துக்கொண்டார்.

என் வேலையில் குறையிருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கடுமையாகவே சொல்லுங்கள், திருத்துவதை மட்டும் என் கையில் விடுங்கள். அந்த நான்காம் பக்கத்து எண் எங்கிருந்து வந்தது என்பதை இன்றுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.