இரணைமடுக் குளம் வான் பாய்ந்தால் தண்ணீர்த் தட்டுப்பாடு பொய்யா?

"பூமியில முக்கால்வாசி தண்ணிதான். இரணைமடுவும் வான் பாயுது. தட்டுப்பாடு எண்டது போத்தல் தண்ணிக் கம்பனிக்காரர் கட்டின கதை." கிளிநொச்சிப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் குரல்பதிவு தவறானது.

முக்கால்வாசி என்பது பூமியின் மேற்பரப்புக் கணக்கு. உலகத் தண்ணீரில் ஏறத்தாழ 97.5 வீதம் உப்பு. மிஞ்சும் நன்னீரிலும் மூன்றில் இரண்டு பங்கு பனியாக உறைந்து கிடக்கிறது.

குளம் 36 அடி நிரம்பி வான்கதவு திறப்பது உண்மைதான். ஆனால் அது மாரிமழையின் சில வாரக் காட்சி. கோடைப் பயிர்ச்செய்கையான சிறுபோகத்துக்கு வைக்கும் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவாகும். வாய்க்காலின் கடைசிக் காணிக்காரர் ராத்திரியில் டோர்ச்சும் மண்வெட்டியுமாக மடையடியில் குந்தியிருப்பது பொழுதுபோக்குக்கா?

வான் பாயும் தண்ணீரும் வீணில்லை. கனகராயன் ஆற்றால் இறங்கிச் சுண்டிக்குளம் களப்பைச் சேர்கிறது. இறாலும் பறவையும் அதை நம்பித்தான்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டத்தை இங்குள்ள கமக்காரர் எதிர்த்தார்கள். பிறகு யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள். உப்பைப் பிரிக்க மின்சாரம் தின்னும் வேலை அது. தண்ணீர் தாராளமென்றால் யார் அந்தச் செலவுக்குப் போவார்கள்?

போத்தல்காரர் இலாபம் பார்க்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பாகிஸ்தானுடன் செய்த 1960 இன் சிந்து நதி ஒப்பந்தத்தை இந்தியா 2025 இல் நிறுத்திவைத்ததும், நைல் அணைக்காக எகிப்தும் எத்தியோப்பியாவும் முறுகுவதும் போத்தல் விற்கவா?